முதல் பாடம் மீன் வாளி

டால்பின், சீல் மாதிரி கடல் பாலூட்டிகளைப் பராமரிக்கக் கத்துக்கணும்னா முதல் வேலை மீன் வாளிதான். உறைய வைத்த மீனில் பி1 வைட்டமின் குறைந்துவிடும். சில மீன்களில் அதைச் சிதைக்கும் தயமினேஸ் என்ற நொதியே இருக்கு. அதனால் வைட்டமின் மாத்திரையை மீனின் செவுளுக்குள் செருகிக் கொடுப்பார்கள்.

அடுத்தது எங்கே கத்துக்கிறது? மீன்காட்சியகத்தில் விசில் சத்தம் என்றால் ‘சரியாகச் செய்தாய், மீன் வருது’ என்று அர்த்தம். இப்படிப் பழகிய டால்பின் தானே வாலை நீட்டி ரத்தம் எடுக்க விடும் (நான் இன்னும் ஊசியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கிற ஆள்).

கலிபோர்னியாவில் சாசலிட்டோ நகரில் 1975-ல் தொடங்கிய மரைன் மேமல் சென்டர் மாதிரி மீட்பு மையங்களில் கதையே வேறு. தன்னார்வலர்கள் பலகையை நடுவில் பிடித்துக்கொண்டுதான் சீல் குட்டியை நெருங்குவார்கள். கொஞ்சக்கூடாது. மனுஷங்களோடு பழகிவிட்டால், கடலில் விட்ட பிறகும் அது படகைத் தேடி வரும்.