துவக்கும் மருந்தும்: வாய்வழிக் கெட்டிக்கும் துப்பாக்கியும் தமிழ்ச் சொற்பொருளும்

கருவி ஒன்று வழக்கொழியுங்கால் அதனைச் சார்ந்த சொற்கள் உடனே மறைந்துபோவதில்லை. பொருள் திரிந்தும், வேறொரு கருவியின்மேல் ஏறியும் அவை நெடுங்காலம் வாழ்கின்றன. பின்வருவோர் சொல்லைக் காண்பர், கருவியைக் காணார். ஆதலின் தம் காலத்து வழக்கைக் கொண்டு பொருள் உரைக்க முற்பட்டு இடர்ப்படுவர். ஏரும் தறியும் போன்ற தொல்கருவிகட்கே அன்றி, நாட்டுத் துப்பாக்கிக்கும் இது பொருந்தும். மருந்தையும் குண்டையும் குழலின் வாய்வழியே இட்டுக் கெட்டித்துச் சுடும் அக்கருவியின் இயல்பையும், அது தமிழில் விட்டுச் சென்ற சொற்களையும் ஈண்டு ஆராய்வாம்.

1. கருவியின் இயல்பு

இத்துப்பாக்கியின் குழல் ஒருபுறம் திறந்தும், மறுபுறம் அடைபட்டும் இருக்கும். அடைபட்ட பக்கத்தே சிறு துளை ஒன்று உண்டு. முதலில் குழலின் வாய்வழியே மருந்தினைச் சொரிவர். அதன்மேல் துணியோ நாரோ தாளோ இட்டு, நீண்ட கோலினால் இறுக இடிப்பர். பின்னர்க் குண்டினையோ, சிறு ஈயமணிகளையோ இட்டு, அவை உருண்டு வெளிவாராவண்ணம் மீண்டும் அடைத்து இடிப்பர். இங்ஙனம் இறுகச் செய்தலினாலேயே 'கெட்டித்தல்' என்னும் பெயர் இச்செயலுக்கு வாய்த்தது. புறத்தேயுள்ள தீ அச்சிறு துளைவழியே உட்புக, மருந்து பற்றி எரிந்து வளியாய் விரிந்து குண்டினை உந்தித் தள்ளும்.

தீயை உட்புகுத்தும் முறை காலந்தோறும் மாறியது. முதற்கண் கனன்றுகொண்டிருக்கும் திரியினைத் துளையருகே தாழ்த்தினர். பதினேழாம் நூற்றாண்டில் சக்கிமுக்கிக்கல் பொருத்திய துப்பாக்கி பரவலாயிற்று. கல்லைப் பற்றிய உறுப்பு எஃகின்மேல் மோத, எழுந்த பொறி துளைவாயிலுள்ள மருந்தில் விழும். 1807-ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ஃபார்சைத் என்னும் ஸ்காத்லாந்துச் சமயகுரு, அடித்த அளவில் தீப்பற்றும் இரசாயனப் பொருளைப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதனின்று செப்பு மூடியில் அப்பொருளை வைக்கும் முறை தோன்றியது. இம்மூடியே 'கேப்பு' எனப்பட்டது. தீபாவளிக் காலத்தில் சிறுவர் விளையாட்டுத் துப்பாக்கியில் இட்டு வெடிக்கும் கேப்பு, அச்சொல்லை இன்றும் காத்து வருகின்றது.

2. மருந்து என்னும் பெயர்

வெடியுப்பு, கரி, கந்தகம் என்னும் மூன்றன் கலவையே கருமருந்து. நூற்றுக்கு ஏறத்தாழ 75 பங்கு வெடியுப்பும், 15 பங்கு கரியும், 10 பங்கு கந்தகமும் கொண்டதே பிற்காலத்து நிலைபெற்ற அளவு. கரியும் கந்தகமும் எரிபொருள்கள். அவை எரிதற்கு வேண்டும் உயிர்வளியை வெடியுப்பு தருகின்றது. எனவேதான் காற்றுப் புகாக் குழலினுள்ளும் இம்மருந்து எரிகின்றது.

இதனை 'மருந்து' என்றல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. மலையாளத்தார் வெடிமருந்து என்பர். கன்னடத்து 'மத்து' என்பதும், தெலுங்கு 'மந்து' என்பதும் நோய் தீர்க்கும் மருந்தையும் இதனையும் ஒருங்கே குறிக்கும். பாரசீகத்து 'தாரூ' என்னும் சொல்லும் இவ்விரு பொருளும் படப் பயின்றுள்ளது. சீனர் இதனைத் 'தீமருந்து' என்னும் பொருள்படப் பெயரிட்டுள்ளனர். இக்கலவைக்கு எழுதப்பெற்ற பழைய அளவுமுறைகள் 1044-ஆம் ஆண்டில் தொகுக்கப்பெற்ற சீனப் போர்க்கலை நூலிற் காணப்படுகின்றன. உயிர் நீட்டிக்கும் மருந்தினைத் தேடிய இரசவாதிகளின் கையிலேயே இஃது உருப்பெற்றதென்பது வரலாற்றாசிரியர் கொள்கை. நம் சித்த மருத்துவ நூல்களிலும் கந்தகமும் வெடியுப்பும் சரக்குகளாகவே எண்ணப்படுகின்றன. நாட்டு மருந்துக் கடையிற் கிடைத்த பொருள்களால் ஆகிய ஒன்றை மக்கள் மருந்து என்றதில் வியப்பில்லை.

3. துப்பாக்கியும் துவக்கும்

'துப்பு' என்னும் வலிமைப் பொருட்சொல்லோடு 'ஆக்கி' சேர்ந்து துப்பாக்கி ஆயிற்று என்றும், குண்டினைத் துப்புதலின் அப்பெயர் பெற்றது என்றும் கூறுவாருளர். கேட்டற்கு இனிய இவ்விளக்கங்கள் ஆராய்ச்சிக்கு நிற்கமாட்டா. துருக்கியில் 'துஃபெக்' என்பது துப்பாக்கியின் பெயர். பாரசீகத்தில் 'துஃபக்' என்றும் 'துஃபங்' என்றும் வழங்கும். தெலுங்கிலும் கன்னடத்திலும் 'துபாக்கி', மலையாளத்தில் 'தோக்கு', குடகில் 'தோக்', சிங்களத்தில் 'துவக்குவ'. ஈழத்தமிழில் 'துவக்கு' என்பதே பெருவழக்கு. துப்பு, ஆக்கி எனப் பிரிப்போர் துவக்கு என்னும் வடிவிற்கோ, பாரசீகச் சொல்லிற்கோ அமைதி கூறல் இயலாது. அயற்சொல் ஒன்று ஒலிமாறி நம்மொழியில் இருவேறு வடிவம் கொண்டது எனின், யாவும் இனிது விளங்கும்.

பதினோராம் நூற்றாண்டில் காஷ்கரி தொகுத்த துருக்கிச் சொற்களஞ்சியத்தில் இச்சொல்லின் முந்தை வடிவம் காணப்படுகின்றது. ஆண்டு அது, சிறு உருண்டைகளை வாயால் ஊதிப் பறவைகளை வீழ்த்தும் மரக்குழலைக் குறிக்கின்றது. ஊதுகுழலின் பெயரே பின்னர் வெடிகுழலின்மேல் ஏறிற்று. சக்கிமுக்கி என்பதும் துருக்கியின் 'சக்மக்' என்பதன் திரிபே. பீரங்கியோ, ஐரோப்பியரைக் குறித்த 'பிரங்கி' என்பதன் வழிவந்தது. அயலாரிடமிருந்து கருவியைப் பெறுவார் பெயரையும் பெறுதல் உலகியல். இதனால் தமிழுக்கு இழுக்கொன்றுமில்லை.

4. தமிழ் தன்பாற் கொண்ட சொற்கள்

பெயர் அயலதாயினும், உறுப்புகளையும் செயலையும் தமிழர் தம் சொற்களாலேயே குறித்தனர். அடித்துத் தீயெழுப்பும் உறுப்பு 'குதிரை' எனப்பட்டது. இந்தியிலும் இவ்வுறுப்பிற்குக் குதிரையின் பெயரே உண்டு. வேகுதலையும் எரித்தலையும் உணர்த்திய 'சுடுதல்' என்னும் வினை, தீ வைத்து மருந்தை எரித்தலால் துப்பாக்கிக்கு ஆயிற்று. ஈழத்தில் 'வெடி வைத்தல்' என்பதும், மலையாளத்தில் அதனையே ஒத்த வழக்கும் உள. சிங்களமும் வெடி என்னும் சொல்லை ஏற்று அவ்வாறே கூறுகின்றது.

நுண்மையைக் குறிக்கும் 'சன்னம்', சிறு மணியைக் குறிக்கும் 'ரவை' என்னும் சொற்கள், பறவை வேட்டைக்குரிய சிறு ஈயமணிகட்குப் பொருத்தமுற அமைந்தவை. இன்று ஈழத்துச் செய்தித்தாள்களில் அவை எல்லாவகைத் துப்பாக்கிக் குண்டுகளையும் குறிக்கின்றன. நுண்மைப் பொருள் முற்றும் தேய்ந்தது. தோட்டாவும் இத்தகையதே. உலோகக் கூட்டில் அமைந்த இக்காலத் தோட்டாவுக்கு முன்னர், ஓர் அளவு மருந்தையும் குண்டையும் தாளிற் சுற்றிய பொட்டலமே வழங்கிற்று. அதனைப் பல்லாற் கடித்துக் கிழித்து மருந்தைக் குழலிற் சொரிவர். 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் கொழுப்புத் தடவிய தோட்டா பூசலுக்குக் காரணமாயது இதனாலேயே. அவ்வாண்டிற் பேசப்பட்ட என்ஃபீல்டு துப்பாக்கி வாய்வழிக் கெட்டிப்பதே என்பதை மறந்தால், வீரர் தோட்டாவை ஏன் வாயில் வைத்தல் வேண்டும் என்பது விளங்காது.

ஈழத்தமிழர் இத்துப்பாக்கியை 'இடியன்' என்பர். இடிபோல் முழங்குதலால் இப்பெயர் எனின், முழங்கும் துப்பாக்கி அனைத்திற்கும் அஃது உரியதாதல் வேண்டும். கோலால் இடித்துக் கெட்டிப்பதற்கு மட்டுமே அப்பெயர் உண்மையின், இடித்தல் தொழிலாற் பெற்ற பெயரென்று கோடலே பொருந்தும். கருவியின் செயன்முறை அறிந்தார்க்கன்றி இவ்வேறுபாடு புலனாகாது என்க.

5. வேட்டையும் அதன் எல்லையும்

ஒருமுறை சுட்டபின் மீண்டும் கெட்டித்தற்குக் காலம் செல்லும். வில்லாளன் ஓசையின்றி அடுத்தடுத்து அம்பு தொடுக்கலாம். துப்பாக்கி வேட்டுவனுக்கு வாய்ப்பு ஒன்றே. குழலின் உட்புறம் வழவழப்பாயின் தொலைவிலுள்ள இலக்குத் தவறும். ஆதலின் விலங்கு அணுகுமளவும் பதுங்கியிருத்தல் அவன் இயல்பாயிற்று. கருமருந்து எரிந்தபின் அதன் எடையிற் பாதிக்கு மேற்பட்ட பகுதி புகையாகவும் கசடாகவும் எஞ்சும். புகை கண்ணை மறைக்கும். குழலிற் படிந்த கசடு ஈரத்தை ஈர்த்து இரும்பைத் துருவேற்றும். எனவே வேட்டை முடிந்ததும் குழலை நீரூற்றிக் கழுவி உலர்த்தல் இன்றியமையாதது. மழைக்காலத்தில் மருந்து நமுத்தலும் உண்டு. கதைப்பாடலொன்றில் 'மருந்து நனைந்தது' என்று வருமாயின், அது நோயாளனின் இடரன்று. போரின் தோல்வி என்று உணர்தல் வேண்டும்.

தமிழ்நாட்டில் நரிக்குறவர் நாட்டுத் துப்பாக்கி கொண்டு பறவையும் சிறு விலங்கும் வேட்டையாடி வாழ்ந்தனர். அவர்தம் தாய்மொழி இந்தோ-ஆரியக் கிளையைச் சார்ந்த வாக்ரிபோலி. 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டுமென்றது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. அருகி வந்த உயிரினங்களைக் காத்தற்கு இச்சட்டம் இன்றியமையாததே. ஆயினும் அதனால் ஒரு மக்கட் குழுவினரின் வாழ்க்கைத் தொழில் சட்டத்திற்குப் புறம்பாயிற்று. அவர் மணிமாலை விற்றலையும் பிற சிறுதொழில்களையும் நாடினர். குடகிலோ, துப்பாக்கியைத் தூய்மை செய்து வழிபடும் கயில்போளுது விழா இன்றும் நிகழ்கின்றது. விழாவுள்ள இடத்தில் கருவியோடு சொல்லும் நிலைபெறும். அத்தகைய காப்பு அற்றவிடத்தில் சொல்லைக் காக்கும் கடன் நம்மைச் சார்ந்தது.

6. முடிவுரை

மேற்கூறியவற்றால், ஒரு கருவியின் செயன்முறையை அறியாது அதன் சொற்களுக்குப் பொருள் காண்டல் அரிது என்பது பெறப்படும். அகராதிகள் 'குதிரை' என்பதற்குத் துப்பாக்கியின் ஓருறுப்பு என்று மட்டும் கூறி அமையும். அஃது எவ்வுறுப்பு, எங்ஙனம் இயங்கும் என்பன, அக்கருவியைக் கையிற் கொண்டு பழகிய முதியோர் நினைவிலேயே உள்ளன. அவர் தொகை ஆண்டுதோறும் குறைகின்றது. வட்டார வழக்கை ஆராயப் புகும் முதுகலை மாணவர்கள் சொல்லைத் தொகுப்பதோடு அமையாது, உறுப்பின் வடிவத்தை வரைந்தும், செயலின் முறையை நிரலே எழுதியும் தருவாராயின், கதைப்பாடல்களையும் பழைய ஆவணங்களையும் பதிப்பிப்போர் வழுவின்றிப் பொருள் காண்பர். துவக்கு ஓய்ந்தது நன்றே. அதன் சொற்களும் விளக்கமின்றி ஓய்ந்துபோதல் நன்றன்று.