மாத்திரைக்கு முன்னால் ஒரு தட்டு

நீர்க்கடுப்போடு காய்ச்சலும் சேர்ந்துகொண்டால், தேனி மாவட்டத்துக் கெங்குவார்பட்டியானாலும் சென்னையானாலும், ஆன்டிபயாடிக் மாத்திரை கைக்கு வர சில நிமிடங்கள் போதும். சிறுநீரைக் கல்ச்சர் டெஸ்டுக்குக் கொடுத்தால் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதனாலேயே பலரும் அதைத் தள்ளிவிடுகிறார்கள். ஆனால் அந்த நாட்களில் ஆய்வகத்தில் நடப்பதைப் பார்த்தால், அது வீண் காத்திருப்பு அல்ல என்பது விளங்கும். முதல் நாள் கிருமியை வளர்த்தெடுக்கிறார்கள். மறுநாள் அதை உப்புநீரில் கலக்குகிறார்கள். மில்லிலிட்டருக்குச் சுமார் 15 கோடி கிருமிகள் இருக்கும் அளவுக்கு நீர் கலங்க வேண்டும். அதைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு, 4 மில்லிமீட்டர் கனமுள்ள அகர் கூழ்த் தட்டு முழுக்கத் தடவி, மருந்தேற்றிய சிறு காகித வில்லைகளை மேலே வைக்கிறார்கள். 35 டிகிரி சூட்டில் 16 முதல் 18 மணி நேரம். கிருமி படலமாகப் படர்ந்திருக்கும். மருந்து வேலைசெய்த வில்லையைச் சுற்றி மட்டும் தெளிந்த வட்டம். 1966-இல் கிர்பி, பாயர் குழுவினர் ஒழுங்குபடுத்திய முறை இது.

பெரிய வட்டம்தான் நல்ல மருந்து என்று நினைத்துவிடக் கூடாது. ஈ.கோலை கிருமிக்கு 20 மில்லிமீட்டர் வட்டம் விழுந்தால், ஆய்வகத் தரநிலைகளை வகுக்கும் சி.எல்.எஸ்.ஐ. அமைப்பின் வரையறைப்படி ஆம்பிசிலின் கேட்கும், சிப்ரோஃப்ளாக்சசின் கேட்காது. ஒவ்வொரு மருந்துக்கும் கோடு வேறு.

ரத்தத்தில் கிருமி ஏறியவர் முடிவு வரும்வரை பிழைத்திருப்பாரா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மருத்துவர் உடனே மருந்தைத் தொடங்கத்தான் வேண்டும். ஆனால் ரத்தத்தை முதல் டோஸுக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். மருந்து போன பிறகு எடுத்த மாதிரியில் கிருமி வளராமலே போகலாம். முடிவு வந்ததும் மருந்தை மாற்றலாம், குறைக்கலாம். தட்டும் உடம்பும் ஒன்றா என்பது இன்னொரு கேள்வி. ஒன்றல்ல. டைபாய்டு கிருமியை ஜென்டாமைசின் தட்டில் அடக்கிக் காட்டும். செல்லுக்குள் ஒளிந்த கிருமியை நோயாளியின் உடம்பில் அதனால் அடக்க முடியாது. ஆகவே அந்த முடிவை அறிக்கையில் எழுதக் கூடாது என்பதே விதி. கடைசிக் கையிருப்பு மருந்தான கோலிஸ்டினுக்கு வில்லை முறையே உதவாது. பெரிய மூலக்கூறு, அகரில் சரியாகப் பரவாது. அதைச் சோதிக்க, சிறு குழிகளில் படிப்படியாக நீர்த்த மருந்தில் கிருமியை விட்டு, எந்த அளவில் வளர்ச்சி நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

இவ்வளவு நுட்பமும் மாதிரி கெட்டால் பாழ். கெங்குவார்பட்டியிலிருந்து க.விலக்கு மருத்துவக் கல்லூரிக்குச் சிறுநீர் போக வேண்டுமென்றால், கிருமி நீக்கிய டப்பாவில் நடுத்தாரையைப் பிடித்து, இரண்டு மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். முடியாதென்றால் குளிரில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். தேனி வெயிலில் பஸ்ஸில் போகும் டப்பாவுக்குள் நான்கு கிருமி நாலாயிரமாகிவிடும்.