மேஜை ரம்பத்திற்குத் தகுந்த சுவிட்சு

மின்சாரம் வந்த பின்னர் நம் கிராமங்களில் தச்சுத் தொழிலின் தோற்றமே மாறிவிட்டது. முன்பு இருவர் எதிரெதிரே நின்று இழுத்து அறுத்த மரத்தை, இன்று மேஜையின் நடுவே சுழலும் வட்ட ரம்பம் சில நிமிடங்களில் அறுத்து முடிக்கிறது. கதவு, ஜன்னல், நிலை, கட்டில் ஆகியவற்றைச் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள் பல ஊர்களில் உள்ளன.

இத்தகைய ரம்பங்களில் முதலில் பழுதாகும் உறுப்புகளுள் சுவிட்சும் ஒன்று. மரத்தூள் புகுந்தும், தீப்பொறி பட்டுக் கருகியும் அது கெட்டுப் போகிறது. அப்பொழுது கடையில் கைக்குக் கிடைத்த சுவிட்சை வாங்கி மாட்டிவிடுவது நம்மிடையே உள்ள வழக்கம். விளக்கிற்கு எந்தச் சுவிட்சு போட்டாலும் விளக்கு எரியும். ஆனால் ரம்பத்திற்கு எந்தச் சுவிட்சும் போதும் என்று எண்ணுவது பெருந்தவறாகும்.

மின்சாரம் நின்று திரும்பும் வேளை

தச்சர் ஒருவர் பலகையை அறுத்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றுவிடுவதாக வைத்துக்கொள்வோம். ரம்பம் மெல்ல ஓய்கிறது, ஓசை அடங்குகிறது. ஓசை அடங்கியதால், சுவிட்சு போட்டபடியே இருக்கிறது என்ற நினைவும் அவருக்கு எழுவதில்லை. சிக்கிய பலகையை உருவுகிறார். அல்லது பற்களில் ஒட்டிய பிசினைச் சுரண்டுகிறார். அந்த நேரத்தில் மின்சாரம் திரும்பினால் என்ன ஆகும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. நிமிடத்திற்கு 2,800 சுற்றுகள் சுழலும் மோட்டார், ஒரு வினாடியில் நாற்பது தடவைக்கு மேல் சுழல்கிறது. கையை இழுத்துக்கொள்ள அவகாசம் ஏது?

சாதாரணச் சுவிட்சு, நாம் தட்டி வைத்த நிலையிலேயே நிற்கும். மின்சாரம் போனதும் வந்ததும் அதற்குத் தெரியாது. ஆகவே ரம்பத்திற்கு வேண்டியது, மின்சாரம் போனவுடன் தானாகவே விடுபட்டு, மனிதன் மீண்டும் அமுக்கினாலன்றி இணையாத சுவிட்சு ஆகும்.

அது இயங்கும் விதம்

பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும் உடைய ஸ்டார்ட்டரை நம் விவசாயிகள் நன்கு அறிவர். பச்சைப் பொத்தானை அமுக்கினால் உள்ளேயுள்ள கம்பிச் சுருள் காந்தமாகி, மின் இணைப்புகளை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. விரலை எடுத்த பின்னும் அந்தக் காந்தம் பிடியை விடுவதில்லை. மின்சாரம் நின்றால் காந்தம் மறைகிறது. வில் கம்பி இணைப்பைப் பிரித்துவிடுகிறது. மீண்டும் மின்சாரம் வந்தாலும், எவரேனும் பச்சைப் பொத்தானை அமுக்கும் வரையில் மோட்டார் ஓடாது. சிறிய ஒரு முனை மோட்டார்களுக்கும் இதே முறையில் இயங்கும் இரட்டைப் பொத்தான் சுவிட்சுகள் கிடைக்கின்றன.

கிணற்று மோட்டாரும் ரம்பமும்

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். மின்சாரம் எந்த நேரத்தில் வந்தாலும் தண்ணீர் இறைக்கத் தொடங்க வேண்டும் என்பதற்காக, கிணற்று மோட்டாருக்கு ‘ஆட்டோ ஸ்டார்ட்டர்’ அமைப்பைப் பலர் பொருத்தியிருக்கிறார்கள். பம்புசெட்டில் உபயோகித்த பழைய ஸ்டார்ட்டரை ரம்பத்திற்கு மாற்றுவோர், அந்த ஆட்டோ அமைப்பையும் சேர்த்து மாற்றிவிடக் கூடாது. கிணற்றடியில் வசதியாக இருப்பது ரம்பத்தடியில் ஆபத்தாக முடியும். அவ்வாறே, பச்சைப் பொத்தான் உள்ளேயே நிற்கும்படி குச்சி செருகுவதும், நூல் கொண்டு கட்டுவதும் அறவே கூடாது. அவ்வாறு செய்தால் நல்ல ஸ்டார்ட்டரும் சாதாரணச் சுவிட்சாகிவிடும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

முதலாவது, மோட்டாரின் பெயர்த் தகட்டைப் படித்துக் குதிரைத் திறன், வோல்ட், ஆம்பியர் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்ல வேண்டும். மோட்டார் புறப்படும் கணத்தில், முழுச் சுமையில் இழுப்பதைப் போல ஆறு மடங்கு மின்னோட்டத்தையும் இழுக்கக்கூடும். ஆதலால் 16 ஆம்பியர் என்று எழுதிய வீட்டுச் சுவிட்சு அதனைத் தாங்கும் எனக் கருதலாகாது. மோட்டாருக்கென்றே மதிப்பிடப்பட்டதும், ‘ஏசி-3’ என்ற குறியுடையதுமான ஸ்டார்ட்டரைக் கேட்டு வாங்குக.

இரண்டாவது, சுருளின் வோல்ட் அளவு நம் இணைப்புக்குப் பொருந்த வேண்டும். ஒரு முனை இணைப்பாயின் 230 வோல்ட். மும்முனை இணைப்பில் இரு முனைகளுக்கு இடையே சுருளை இணைத்தால் 415 வோல்ட். ஒரு முனைக்கும் நியூட்ரலுக்கும் இடையே இணைத்தால் 230 வோல்ட்.

மூன்றாவது, மிகைச் சுமையில் மோட்டார் கருகாமல் காக்கும் ‘ஓவர்லோடு ரிலே’ அதில் இருத்தல் நலம். அதைப் பெயர்த் தகட்டிலுள்ள ஆம்பியருக்கே திருப்பி வைக்க வேண்டும். தானே மீளும் நிலையில் வைக்காமல், கையால் மீட்கும் நிலையில் வைக்க வேண்டும். மோட்டாருக்குள்ளேயே வெப்பக் காப்பு இருந்து, சூட்டினால் அது நின்றுபோனால், முதலில் சிவப்புப் பொத்தானை அமுக்குக. இல்லையேல் சூடு தணிந்ததும் அது தானாக ஓடத் தொடங்கலாம்.

நான்காவது, பெட்டி மரத்தூள் புகாதபடி மூடியதாக இருக்க வேண்டும். ‘ஐபி 54’ என்ற குறி தூசியிலிருந்தும் நீர்த் தெறிப்பிலிருந்தும் காப்பு உண்டு என்பதைக் காட்டும்.

ஐந்தாவது, நிறுத்தும் பொத்தான் காளான் போல் வெளியே விரிந்து, சிவப்பாக, உள்ளங்கையால் அடித்தாலே நிற்கும்படி இருக்க வேண்டும். ஓட்டும் பொத்தானோ, பலகை உரசியோ வேட்டி பட்டோ அமுங்காதபடி குழிந்திருக்க வேண்டும்.

பொருத்தும் இடம்

நல்ல சுவிட்சும் சுவரின் மூலையில் இருந்தால் பயனில்லை. வேலை செய்பவர் நிற்கும் பக்கத்தில், மேஜை விளிம்பின் கீழே அதனைப் பொருத்த வேண்டும். ரம்பத்தின் மேல் கையை நீட்டி எடுக்கும்படி வைத்தல் தகாது. இரு கைகளும் பலகையைப் பிடித்திருக்கையில், தொடையாலோ முழங்காலாலோ சிவப்புப் பொத்தானை அமுக்க முடிந்தால் மிக நன்று. மோட்டாருக்கும் இரும்பு மேஜைக்கும் எர்த் இணைப்பு கட்டாயம் வேண்டும். இவ்வேலைகளை உரிமம் பெற்ற மின் பணியாளரைக் கொண்டே செய்விக்க வேண்டும்.

சுவிட்சு எல்லா ஆபத்தையும் நீக்கிவிடாது. சிவப்புப் பொத்தானை அமுக்கிய பின்னும் ரம்பம் சிறிது நேரம் சுழலும். முற்றிலும் நிற்கும் முன் கையைக் கொண்டு போகலாகாது. ரம்பத் தகட்டை மாற்றும்போது மெயின் சுவிட்சையே நிறுத்த வேண்டும். மேல் மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு வேலை செய்வோருக்கு எந்தச் சுவிட்சும் துணை நிற்காது.

செலவில்லாத சோதனை

உங்கள் ஊர்ப் பட்டறையில் இன்றே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். மேஜையில் மரம் ஏதும் இல்லாமல் ரம்பத்தை ஓடவிடுங்கள். ரம்பத்தின் சுவிட்சைத் தொடாமல், மெயின் சுவிட்சை மட்டும் நிறுத்துங்கள். ரம்பம் நின்ற பின், யாரும் அருகில் இல்லாதபடி பார்த்துக்கொண்டு மீண்டும் மெயின் சுவிட்சைப் போடுங்கள். ரம்பம் அசையாமல் நின்றால் சுவிட்சு நல்லது. தானே சுழன்றால், அந்தச் சுவிட்சை அன்றே மாற்ற வேண்டும்.

பஞ்சாயத்தின் பங்கு

1948 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழிற்சாலைகள் சட்டம், ஓடும் இயந்திரத்தின் விசையை அவசரத்தில் துண்டிக்கும் சாதனம் ஒவ்வொரு வேலை அறையிலும் இருக்க வேண்டும் என்று தன் 24 ஆம் பிரிவில் விதித்தது. இருவர் மூவர் வேலை செய்யும் கிராமப் பட்டறைகள் பொதுவாக அச்சட்டத்தின் வரம்பிற்குள் வரவில்லை. ஆயினும், ரம்பத்தின் பல்லுக்குப் பெரிய ஆலை, சிறிய பட்டறை என்ற வேற்றுமை கிடையாது.

எனவே பஞ்சாயத்து உறுப்பினர்கள், தங்கள் ஊரிலுள்ள ரம்பப் பட்டறைகளைக் கணக்கெடுத்து, மேற்கண்ட சோதனையைச் செய்து பார்க்கும்படி உரிமையாளர்களைக் கேட்டுக்கொள்ளலாம். மே 1 ஆம் நாள் கூடும் கிராம சபையில் இதனை விளக்குவது பொருத்தமாக இருக்கும். பல பட்டறைகள் சேர்ந்து ஒரே நாளில் மின் பணியாளரை வரவழைத்தால் செலவும் குறையும்.

புதிய ஸ்டார்ட்டருக்காகும் செலவு ஒரு முறையோடு தீர்ந்துவிடும். தச்சரின் கையோ அவர் குடும்பத்திற்கு நாள்தோறும் சோறு போடும் கை. அதைக் காக்கும் பொறுப்பு பட்டறை உரிமையாளருக்கு மட்டுமன்றி, ஊருக்கும் உண்டு.