விமானத்தின் வயதை எவ்வாறு கணிப்பது?

தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம்மவர்க்கு ஊர்ப் பிரயாணம் என்பது நெடுங்காலம் ரயில் பிரயாணமாகவே இருந்தது. ஓர் இரவையும் ஒரு பகலையும் வண்டியிலேயே கழித்துச் சென்னையை அடைவோம். நெல்லைச் சீமைக்குச் செல்வோர் அதன் பின்னும் ஓரிரவு செல்ல வேண்டும். ஆயினும் இவ்விரு நகரங்களையும் வான்வழி இணைத்தது பழைய செய்தியே. 1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் ஜே. ஆர். டி. டாடா கராச்சியிலிருந்து அஞ்சற் பைகளுடன் ஜூஹூவில் வந்திறங்கினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்பவர் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு விமானத்தைச் செலுத்திச் சென்றார்.

இன்று அத்தொலைவை இரண்டு மணி நேரத்திற்குள் கடக்கிறோம். பிரயாணச் சீட்டு வாங்கும்போது நம்மில் பலர் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "அது பழைய விமானமாமே, அதில் ஏறலாமா?" என்பதே அது. கேள்வி நியாயமானது. ஆனால் விமானத்தின் பழமையை எதைக் கொண்டு அளப்பது என்பதை முதலில் அறிய வேண்டும்.

1953 ஆகஸ்டு முதல் தேதி உள்நாட்டு விமானப் போக்குவரத்து அரசுடைமையாகி, இந்தியன் ஏர்லைன்ஸ் பிறந்தது. 1964இல் அந்நிறுவனம் காரவெல் என்னும் பிரெஞ்சு ஜெட் விமானத்தைச் சேவைக்குக் கொணர்ந்தது. 1970களில் போயிங் 737-200 விமானங்கள் அதன் முதுகெலும்பாயின. இவை நடுவே ஒரே நடைவழி கொண்ட குறுகிய உடல் விமானங்கள். 737இல் நடைவழியின் இருபுறமும் மும்மூன்று இருக்கைகள் உண்டு. உடல் தரைக்கு நெருக்கமாகத் தாழ்ந்திருப்பதால், பெரிய சாதனங்கள் இல்லாத சிறு நிலையங்களிலும் மூட்டைகளை எளிதில் ஏற்றலாம். 1989இல் ஏர்பஸ் ஏ-320 வந்தபின் பழைய 737கள் உடனே கழிக்கப்படவில்லை. 1996இல் துணை நிறுவனமாகிய அலையன்ஸ் ஏர் தோன்றியபோது அவை அதனிடம் சென்று, மேலும் பல்லாண்டுகள் பறந்தன. விமானமோ முன்பே வாங்கியது. உதிரி உறுப்புகள் கையிருப்பில் இருந்தன. பழுது பார்ப்போரின் கைகளும் அதற்குப் பழகியிருந்தன. எரிபொருள் மிகுதியாகச் செலவாயினும் இச்சிக்கனம் அதனை ஈடு செய்தது.

இனி வயதைக் காண்போம். முப்பதாயிரம் அடி உயரத்தில் காற்று மெலிந்துவிடுவதால், நாம் மூச்சுவிடும் பொருட்டு விமானத்தினுள் காற்றை அழுத்தி அடைக்கிறார்கள். அப்பொழுது விமானத்தின் உடல் சற்றே உப்புகிறது. இறங்கும்போது பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஒரு கம்பியைப் பலமுறை வளைத்து நிமிர்த்தினால் அது முறிந்துவிடுவதை நாம் அறிவோம். இதனை உலோகக் களைப்பு என்பர். ஆதலின் ஆண்டுகளோடு பறந்த மணிகளையும், அவற்றினும் முக்கியமாக எத்தனை முறை ஏறி இறங்கிற்று என்பதையும் கணக்கிட வேண்டும். நீண்ட வழியில் நாளொன்றுக்கு இருமுறை பறக்கும் விமானத்தைவிட, அருகருகே உள்ள ஊர்களுக்கிடையே எட்டு முறை பறக்கும் விமானம் விரைவில் மூப்படையும்.

1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளில் அலோஹா நிறுவனத்தின் 737-200 ஒன்றின் மேற்கூரையில் ஒரு பகுதி நடுவானில் பிய்த்துக்கொண்டு போயிற்று. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார்; ஏனைய 94 பேருடன் விமானி அதனைத் தரையிறக்கினார். அவ்விமானத்தின் வயது 19தான். ஆனால் அது பறந்த முறைகளோ 89,680! உப்புக் காற்றின் அரிப்பும் களைப்பும் சேர்ந்து உண்டாக்கிய வெடிப்புகள் சோதனையில் தப்பிவிட்டன. மும்பையும் கடற்கரை நகரமே என்பதை நாம் நினைவிற்கொள்வது நன்று.

புதியது என்றால் பத்திரமானது என்றும் கொள்வதற்கில்லை. உலகின் முதல் பிரயாணி ஜெட் விமானமாகிய காமெட், 1952இல் சேவைக்கு வந்து ஈராண்டு நிறையுமுன், 1954 ஜனவரியிலும் ஏப்ரலிலுமாக இருமுறை இத்தாலிக்கு அருகே வானிலேயே சிதறிற்று. அங்கும் காரணம் உலோகக் களைப்பே.

நமக்கு மிக நெருங்கிய துயரம் 1976 அக்டோபர் 12 அன்று நேர்ந்தது. பம்பாயிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட காரவெல் விமானத்தின் எஞ்சினுள், காற்றை அழுத்தும் சுழல்தட்டு ஒன்று களைப்பினால் உடைந்தது. எரிபொருள் கசிந்து தீப்பற்றியது. விமானிகள் சாந்தாகுரூஸுக்குத் திரும்ப முயன்றும் இயலாது, விமானம் வீழ்ந்து 95 பேரும் மாண்டனர். ஒரு தட்டிலிருந்த நுண்ணிய வெடிப்பு ஊர் செல்லப் புறப்பட்டோரை ஊர் சேரவிடவில்லை.

2000 ஜூலை 17 அன்று பாட்னாவில் அலையன்ஸ் ஏரின் 737-200 வீழ்ந்தபோது, அதன் இருபதாண்டு வயதே எங்கும் பேச்சாயிற்று. விசாரணையோ வேறு முடிவுக்கு வந்தது. இறங்கும் தறுவாயில் வேகம் குறைந்து, விமானம் கட்டுப்பாட்டை இழந்ததற்கு விமானிகளின் பிழையே காரணம் என்பது அதன் தீர்ப்பு. வயதின்மேல் மட்டும் பழிபோட்டால் உண்மைக் காரணம் மறைந்துவிடும் என்பதற்கு இது சான்று.

அவ்வாறாயின் காப்பது எது? சோதனைதான். சில ஆண்டுகளுக்கொருமுறை விமானத்தின் உட்பலகைகளையும் இருக்கைகளையும் கழற்றி, எலும்புக்கூடு தெரியும்படி ஆக்கி, கண்ணுக்குப் புலப்படாத வெடிப்புகளையும் கருவிகளால் தேடுகிறார்கள். எஞ்சின் சுழல்தட்டுகளுக்கு இத்தனை பறப்புகள் என்று வரம்புண்டு. வரம்பு எட்டியதும், பார்வைக்கு நன்றாயிருப்பினும் அவற்றைக் கழித்துவிடுவர். இருக்கையின் உறை கிழிந்திருப்பதோ மேற்பலகை கிறீச்சிடுவதோ உடலின் வலுவைக் காட்டா. புதுச் சாயமும் அவ்வாறே. வயது ஏற ஏறச் சோதனை அடிக்கடி வேண்டும், செலவும் கூடும். அச்செலவைச் சுருக்குகின்ற நிறுவனத்தின் விமானம் இளையதாயினும் அஞ்சத்தக்கது. மனமுவந்து செய்கின்ற நிறுவனத்தின் மூத்த விமானத்தை நாம் நம்பலாம். பத்திரிகைகளிலும் மன்றங்களிலும் நாம் கேட்க வேண்டியதும் சோதனையைப் பற்றிய கேள்வியே.

1982இல் பணிக்கு வந்த 737-200 ஒன்று, பிரயாணிகளையும் பின்னர்ச் சரக்கையும் சுமந்து, 2012 முதல் கொல்கத்தா நிலையத்தின் ஒரு மூலையில் கேட்பாரற்று நின்றது. 2025இல் அதனைத் தரைவழியே பெங்களூருக்குக் கொண்டு சென்றனர். இனி அது பறப்பதற்கில்லை. விமானங்களைப் பழுது பார்க்கக் கற்கும் இளைஞர்களின் பயிற்சிக்கு அது உதவும்.