காட்டு விலங்கின் குடலும் அது மிதிக்கும் மண்ணும்

வளர்ந்த யானையொன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோகிராம் புல், இலை, மரப்பட்டை ஆகியவற்றை உண்கிறது. ஆயினும் அந்தப் பேருடலில் புல்லின் நாரை உடைக்கக்கூடிய நொதியம் சுரப்பதில்லை. தாவரக் கலச்சுவரில் உள்ள செலுலோசைத் தன் சொந்த நொதியங்களால் சமிபாடடையச் செய்ய எந்த முலையூட்டியாலும் இயலாது. மாடு, மான், முயல் எல்லாவற்றுக்கும் இதே நிலைதான். அவற்றுக்காக அந்த வேலையைச் செய்து கொடுப்பவை இரைப்பையிலும் குடலிலும் வாழும் கோடானுகோடி நுண்ணங்கிகளே.

உயிரியல் பாடத்தில் இதுவரை நாம் படித்திருப்போம். ஆனால் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. தாயின் கருப்பையில் இருக்கும் குட்டியின் குடலில் இத்தகைய நுண்ணங்கிச் சமூகம் இல்லை. அப்படியானால் பிறந்த பின்னர் இவை எங்கிருந்து வந்து குடியேறுகின்றன? தாயிடமிருந்தா, கூட்டத்திலிருந்தா, அல்லது மண்ணிலும் நீரிலும் இலைகளிலும் இருந்தா? காட்டு விலங்குகளைக் காப்பாற்ற விரும்புவோருக்கு இன்று இது முக்கியமான கேள்வியாகிவிட்டது.

தாய் தரும் முதல் சீதனம்

குட்டி பிறக்கும்போதும், அதன் பின்னர் பால் குடிக்கும்போதும், தாய் நக்கிச் சுத்தம் செய்யும்போதும் தாயின் பற்றீரியாக்கள் குட்டியைச் சேருகின்றன. சில விலங்குகள் இதற்கென்றே தனியான ஒரு வழியையும் வைத்திருக்கின்றன. அவுஸ்திரேலியாவின் கோலா, நச்சுப் பொருட்கள் நிறைந்த யூகலிப்டஸ் இலைகளை மட்டுமே நம்பி வாழும் விலங்கு. அதன் குட்டி சுமார் ஆறு மாத வயதில், இலை உண்ணத் தொடங்கும் முன்னர், தாயின் குடலிலிருந்து வெளிவரும் குழைவான ஒருவகை மலத்தை உண்கிறது. இலையைச் சமாளிக்கத் தேவையான நுண்ணங்கிகள் அதனுடன் குட்டியின் குடலுக்குப் போய்ச் சேருகின்றன.

யானைக் குட்டிகளும் தாயினதோ கூட்டத்திலுள்ள மற்ற யானைகளினதோ சாணத்தை உண்பதுண்டு. பார்ப்பவர்களுக்கு இது அருவருப்பாகத் தோன்றலாம். குட்டிக்கோ அதுவே பிற்காலத்தில் புல்லை உணவாக மாற்றப்போகும் தொழிலாளர்களைப் பெறும் வழி.

உறவால் பரவுபவை, மண்ணால் பரவுபவை

இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான வைதம் காடு, விலங்கு ஆய்வுகளுக்குப் பெயர்பெற்ற இடம். அங்கு வாழும் காட்டெலிகளுக்குச் சிறிய மின்னணு அடையாளங்களைப் பொருத்தி, எந்த எலி எந்த எலியைச் சந்திக்கிறது, எவை ஒரே இடங்களில் நடமாடுகின்றன என்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். பின்னர் அவற்றின் குடல் பற்றீரியாக்களை ஒப்பிட்டார்கள். 2024இல் வெளியான முடிவு தெளிவானது. ஒட்சிசன் பட்டால் இறந்துவிடும் பற்றீரியாக்கள் பெரும்பாலும் எலிகளின் நேரடி நெருக்கத்தால் பரவுகின்றன. ஒட்சிசனைத் தாங்கும் பற்றீரியாக்கள், ஒரே சூழலைப் பகிர்ந்துகொள்வதாலேயே ஒரு விலங்கிலிருந்து இன்னொன்றுக்குப் போகின்றன.

இதன் காரணத்தை விளங்கிக்கொள்வது கடினமல்ல. குடலின் உட்பகுதியில் ஒட்சிசன் மிகக் குறைவு. அங்கு பழகிய பற்றீரியா வெளிக்காற்றில் நெடுநேரம் தாங்காது. ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்கு விரைவாகப் போய்ச் சேர வேண்டும். காற்றைத் தாங்கக்கூடியதோ, அல்லது வித்தி என்னும் தடித்த உறைக்குள் உறங்கக்கூடியதோ மண்ணிலும் வளையிலும் காத்திருக்கலாம். இன்னொரு விலங்கு அவ்வழியே வரும்போது அதன் உணவோடு உள்ளே போய்விடலாம்.

பபூன்களும் கென்யாவின் மண்ணும்

கென்யாவில் மஞ்சள் பபூன், அனுபிஸ் பபூன் என்னும் இரு குரங்கினங்கள் சந்தித்துக் கலக்கும் நிலப்பரப்பு உண்டு. அங்குள்ள 14 பபூன் கூட்டங்களின் குடல் பற்றீரியாக்களை ஆராய்ந்த ஆய்வொன்று 2019இல் வெளியானது. இனம் வேறானால் குடல் நுண்ணங்கிகளும் வேறாக இருக்கும் என்றே நாம் எதிர்பார்ப்போம். ஆனால் வேறுபாட்டை மிக நன்றாக விளக்கியது இனமல்ல. அவை வாழும் இடத்தின் மண்ணே. மண்ணின் புவியியல் வரலாறும் அதிலுள்ள சோடியத்தின் அளவும் முக்கிய இடம் பெற்றன. பரம்பரை வேறுபாட்டைவிட மண்ணின் செல்வாக்கு ஏறத்தாழ 15 மடங்கு வலுவானதாகக் காணப்பட்டது.

மண் இருவழிகளில் குடலை எட்டக்கூடும். மண்ணின் தன்மையே அங்கு எந்தப் புல்லும் செடியும் வளரும் என்பதைத் தீர்மானிக்கிறது. உணவு மாறினால் குடலில் செழிக்கும் நுண்ணங்கிகளும் மாறும். மற்றையது நேரடி வழி. பபூன்கள் புற்களின் அடிக்கிழங்குகளைத் தோண்டி உண்பவை. கிழங்கோடு மண்ணும் வாய்க்குள் போகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். விழுங்கப்படும் மண் பற்றீரியாக்கள் எல்லாமே குடலில் குடியேறுவதில்லை. இரைப்பை அமிலம், பித்தம், உடல்வெப்பம், ஒட்சிசன் குறைவு, ஏற்கெனவே இடம்பிடித்த பற்றீரியாக்களின் போட்டி ஆகிய இத்தனை தடைகளையும் தாண்டுபவை சிலவே. பெரும்பாலானவை வந்த வழியே வெளியேறும் விருந்தாளிகள். மண் ஒரு களஞ்சியம். எதை வைத்துக்கொள்வது என்பதைக் குடலே தெரிவு செய்கிறது.

நுண்ணங்கி கைமாறினால் உணவும் மாறும்

இந்தக் குடியேற்றம் விலங்கின் வாழ்வையே தீர்மானிக்கலாம். அமெரிக்காவின் மோஹாவி பாலைவனத்தில் கிரியோசோட் என்னும் நச்சுப் புதர் உண்டு. அங்குள்ள மரஎலிகள் அதைத் தாராளமாக உண்கின்றன. அந்தப் புதர் வளராத பகுதியில் வாழும் அதே இன எலிகளுக்கோ அது ஒத்துக்கொள்வதில்லை. யூட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெவின் கோல், டெனிஸ் டியரிங் ஆகியோரின் குழு 2014இல் ஒரு சோதனையை வெளியிட்டது. பழகிய எலிகளின் மலத்திலுள்ள நுண்ணங்கிகளைப் பழகாத எலிகளுக்கு உணவோடு கொடுத்தபோது, அவையும் கிரியோசோட்டைத் தாங்கத் தொடங்கின. மாறாக, பழகிய எலிகளுக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்தபோது அவற்றின் தாங்கும் திறன் குன்றியது. ஆற்றல் எலியிடம் மட்டும் இருக்கவில்லை. அதன் குடலில் வாழ்ந்தவற்றிடமும் இருந்தது.

கோலாக்களின் கதை இன்னும் துயரமானது. அவுஸ்திரேலியாவின் கேப் ஒட்வே பகுதியில் கோலாக்கள் பெருகி, மன்னா கம் என்னும் மரங்களின் இலைகளை மொட்டையாக்கின. 2013இல் பல கோலாக்கள் பட்டினியால் மடிந்தன. மெஸ்மேட் என்னும் வேறு வகை யூகலிப்டஸ் அருகிலேயே நின்றும் அவை அதை நாடவில்லை. பின்னர் ஆய்வாளர்கள், மெஸ்மேட் உண்ணும் கோலாக்களின் மலத்திலிருந்து பெற்ற நுண்ணங்கிகளை வில்லைகளில் அடைத்து மன்னா கம் கோலாக்களுக்குக் கொடுத்தார்கள். 2019இல் வெளியான அந்த ஆய்வில், குடல் நுண்ணங்கிகள் எந்த அளவுக்கு மாறினவோ அந்த அளவுக்கு மெஸ்மேட் உண்பதும் கூடியது.

காட்டிலிருந்து பிரித்தெடுக்கப்படும் விலங்கு எதை இழக்கிறது என்பதும் இதனால் விளங்கும். கூண்டில் வளரும் டூக் குரங்குகளும் ஊளைக் குரங்குகளும் தம் இயல்பான குடல் நுண்ணங்கிகளில் பலவற்றை இழந்து, மனிதக் குடலை ஒத்த நிலையை நெருங்குகின்றன என்று 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. காடு, கூட்டம், மண், இலை எல்லாம் சேர்ந்துதான் அந்தக் குடலை உருவாக்கியிருந்தன.

நம் குப்பையும் அவற்றின் குடலும்

சூழலிலிருந்து நன்மை வருவதுபோல் தீமையும் வரும். கென்யாவின் அம்போசெலியில் சில பபூன்கள் மனிதர் வீசும் குப்பையை உண்டு வாழ்ந்தன. காட்டுணவை மட்டும் உண்டவற்றோடு ஒப்பிடுகையில், இவற்றின் குடலில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுக்கு அடங்காத பற்றீரியாக்கள் அதிகம் என்பது 1985இலேயே பதிவாகியிருக்கிறது. மனிதக் கழிவோடு கலந்திருந்தவை காட்டுக் குரங்கின் குடலையும் எட்டிவிட்டன.

நம் நாட்டுக்கும் இது அந்நியமான செய்தியல்ல. அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் யானைகள் உணவு தேடுவதையும், பிளாஸ்டிக்கை விழுங்கி அவை இறப்பதையும் செய்திகளில் கண்டிருக்கிறோம். பிளாஸ்டிக் நம் கண்ணுக்குத் தெரிகிறது. குப்பையோடு உள்ளே போகும் பற்றீரியாக்கள் தெரிவதில்லை.

நமக்கு இதில் என்ன இருக்கிறது?

இதைப் படித்துவிட்டு மண்ணில் உள்ளதெல்லாம் நல்லது என்று எவரும் முடிவுகட்டிவிடக் கூடாது. எலிக்காய்ச்சலின் கிருமியும் கொக்கிப்புழுவும் இருப்பது அதே சேற்றிலும் மண்ணிலும்தான். உண்ணும் முன் கைகழுவுவதும், காய்கறிகளைக் கழுவுவதும், கொதித்தாறிய நீரைப் பருகுவதும் மாறாத விதிகள்.

அதேவேளை, பிள்ளைகளை மண்ணிலிருந்தும் மரஞ்செடிகளிலிருந்தும் முற்றாகப் பிரித்து வைப்பதும் நல்லதல்ல. பின்லாந்தில் சில சிறுவர் பராமரிப்பு நிலையங்களின் முற்றங்களில் காட்டு நிலத்தின் மண்ணையும் செடிகளையும் பரப்பி, 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளை 28 நாட்கள் விளையாட விட்டார்கள். 2020இல் வெளியான முடிவின்படி, அப்பிள்ளைகளின் தோலில் பற்றீரியாக்களின் வகைகள் பெருகின. நிர்ப்பீடனத் தொகுதியைச் சீராக வைத்திருக்கும் அறிகுறிகளும் அவர்களின் குருதியில் கூடின. ஆகவே தோட்டத்தில் விளையாடி வரும் பிள்ளையைக் கண்டிப்பதைவிட, கைகழுவச் சொல்வதே பொருத்தம்.

செய்யக்கூடிய இரண்டு காரியங்கள் நம் கையில் உள்ளன. முதலாவது, வைத்தியர் சொல்லாமல் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை வாங்கி உண்ணாதிருப்பது. சொன்னால் சொன்ன நாள்வரை உண்பது. இரண்டாவது, வீட்டுக் கழிவைக் காட்டோரத்திலும் நீரோடையிலும் கொட்டாதிருப்பது. நாம் வீசும் பொதி நாம் பார்க்காத விலங்கொன்றின் குடல்வரை போகிறது. காட்டைக் காப்பது என்றால் மரத்தையும் விலங்கையும் மட்டுமன்றி, அவற்றின் காலடியிலுள்ள மண்ணையும் அம்மண்ணில் வாழும் உயிர்களையும் சேர்த்துக் காப்பதே ஆகும்.