விரிதாள்: கலத்தில் இருப்பது எண்ணா, வாசகமா?

யாழ்ப்பாணத்தின் தொலைபேசிக் குறியீடான 021 ஐ எக்செல் கலமொன்றில் தட்டச்சுச் செய்து பாருங்கள். 21 மட்டுமே தோன்றும். விரிதாள் அதனை எண்ணாகக் கருதி, முன்னாலுள்ள பூச்சியத்தை நீக்கிவிடுகின்றது. இதனைத் தவிர்க்க இரு வழிகள் உண்டு.

1. ஒற்றை மேற்கோள் குறியை முன்னிட்டு '021 எனத் தட்டச்சுச் செய்தல்.
2. முதலில் கலத்தைத் தெரிவுசெய்து, அதன் வடிவமைப்பை ‘டெக்ஸ்ட்’ என மாற்றிய பின்னர் தட்டச்சுச் செய்தல். பூச்சியம் நீங்கிய பின் மாற்றினால் அது திரும்பி வராது.

சாதாரணமாக வாசகம் கலத்தின் இடப்பக்கத்திலும் எண் வலப்பக்கத்திலும் அமையும்.

கவனிக்க: பாடப் புள்ளிகளை இவ்வாறு வாசகமாக உள்ளிட வேண்டாம். கல வீச்சொன்றில் உள்ள வாசகங்களை ‘சம்’ சார்பு கூட்டாது. எல்லாமே வாசகமாயின் விடை 0 ஆகும். தடித்த எழுத்து, நிறம், மையப்படுத்தல் ஆகியன தோற்றத்தை மட்டுமே மாற்றும், பெறுமானத்தை மாற்றமாட்டா.