பீலிக்கரையிலிருந்து வாசல் வரை

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்த அம்மாயியின் காம்பராவுக்குள் கால் வைத்ததும் கண் எரியும். பத்தடி அகலம், பன்னிரண்டடி நீளம். அதற்குள் ஏழு பேர். முன்னாலிருந்த இஸ்தோப்பின் மூலையில்தான் அடுப்பு. புகைபோக்கி கிடையாது. ஈர விறகை மூட்டினால் புகை தகரத்தில் முட்டித் திரும்பி, படுத்திருப்பவர் நெஞ்சில் இறங்கும். விடிய விடிய இருமுவார் அம்மாயி. தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஒரு போத்தல் தண்ணிமருந்து கொடுப்பார்கள். அதைக் குடித்துவிட்டு மறுபடியும் அதே அடுப்பை ஊதுவார். இருமல் எங்கிருந்து வருகிறது என்று அவரை யாரும் கேட்டதில்லை.

தண்ணீருக்கு, மலை ஓடைநீர் விழும் பீலிக்கரைக்குப் போக வேண்டும். ஒரு லயத்தில் பன்னிரண்டு காம்பரா. எல்லோருக்கும் அந்த ஒரே பீலி. விடிகாலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு ஓட வேண்டிய பெண்கள் அதற்கும் முன்னால் எழுந்து குடத்தோடு வரிசையில் நிற்பார்கள். மழைக்காலத்தில் மேலே மலையில் போட்ட உரமும் மருந்தும் கரைந்து அந்த ஓடைக்கே வரும். பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால், "பச்சத்தண்ணி சேரல" என்பார்கள். அவர்கள் சொன்னது சரிதான்.

மருந்தால் மட்டும் தோட்டத்து நோய் தீராது என்பது நூறு வருடத்துக்கு முன்பே தெரிந்த செய்தி. 1916இல் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறநிலையம் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொழுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. ஆணையும் பெண்ணையும் பிள்ளையையும் வரிசையில் நிறுத்தி மருந்து கொடுத்தார்கள். புழு விழுந்தது. ஆனால் மலசலகூடம் இல்லாத லயத்தைச் சுற்றியிருந்த ஈரமண்ணில் வெறுங்காலோடு நடந்தவர்களின் பாதம் வழியே மறுபடி உடம்பில் ஏறியது. மலசலகூடம் கட்டித்தர வேண்டியவர்கள் தோட்டத்தை நடத்திய துரைமார். செலவு என்று பலர் தட்டிக்கழித்தார்கள். இரத்தமெல்லாம் புழுவுக்குப் போய் வெளுத்த உடம்போடு மலையேற முடியாதவனை, சோம்பேறி என்று கங்காணி ஏசினான்.

அதன் பிறகு இலங்கையின் கிராமங்கள் வேறு திசையில் போயின. 1931இல் எல்லோருக்கும் வாக்குரிமை வந்ததும், வாக்குக் கேட்டு வந்தவர்களிடம் ஊர்க்காரர்கள் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் கேட்டார்கள், கிடைத்தது. தோட்டத்தில் அந்த வாக்கு எல்லோர் கைக்கும் வரவில்லை. வந்தவர்களில் பெரும்பாலோரிடமிருந்தும் 1948இன் குடியுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தல் சட்டமும் அதைப் பிடுங்கிவிட்டன. குறைந்த செலவில் நல்ல சுகாதாரம் என்று உலகம் இலங்கையைப் பாராட்டிக்கொண்டிருந்த 1970களின் நடுவில், பஞ்சம் வந்தபோது தோட்டங்களில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூறு பேருக்கு மேல் ஒரு வயதைக் காணாமலே இறந்தார்கள். மரவள்ளிக்கிழங்கும் கிடைக்காத நாட்கள் என்று அம்மா சொல்வார். சொல்லும்போது தலையைத் திருப்பிக்கொள்வார். அவருக்கு நேரே இளையவள் அந்தப் பஞ்சத்தில்தான் போனாள்.

நாடற்றவர்களாக எஞ்சியிருந்த கடைசி மக்களுக்கும் குடியுரிமை தந்த சட்டம் 2003இல் வந்தது. அதற்கு முன்பும் பின்பும் எவ்வளவோ மாறியிருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. காம்பராவுக்குள் பாயால் தடுத்துப் பிள்ளை பெற்ற காலம் போய்விட்டது. இன்று அநேகமாக எல்லாப் பிரசவமும் அரசாங்க ஆஸ்பத்திரியில்தான். குடும்பநல மாது லயத்துக்கே வந்து தாயின் வயிற்றைப் பார்க்கிறார், பிள்ளையை நிறுக்கிறார், திரிபோஷ சத்துமா கொடுக்கிறார். டிக்கோயா வைத்தியசாலைக்கு இந்திய உதவியில் கட்டிய புதுக் கட்டடம் 2017இல் திறக்கப்பட்டது.

ஆனாலும் 2016இன் தேசிய ஆய்வில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதற்கும் 17 வீதம். தோட்டங்களில் 32 வீதம். அந்தப் பிள்ளைகளுக்கும் ஊசியும் மருந்தும் கிடைக்கின்றன. அப்புறம் என்ன குறை? காலையில் கோதுமை மா ரொட்டியும் சாயத்தண்ணியும். தாய் மலையில், பிள்ளை பிள்ளைக்காம்பராவில். 1,000 ரூபாய் நாட்சம்பளத்துக்கு வருடக்கணக்காகப் போராடி 2021இல் அது கிடைத்தது; 2022இன் விலைவாசி அதைத் தின்றுவிட்டது. நாலு முட்டை வாங்குவதா, பஸ்ஸுக்குக் கொடுப்பதா என்று யோசிக்கும் வீட்டில் பிள்ளை எப்படி உயரும்?

இதற்கெல்லாம் அடியில் இருப்பது காணி இல்லாமை என்றே நான் நம்புகிறேன். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அது ஆபத்தான இடம் என்ற எச்சரிக்கை வருடக்கணக்காக இருந்தது. எழுந்து போவதற்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் அவர்களிடம் இல்லை.

இப்போது சில ஆயிரம் குடும்பங்களுக்கு ஏழு பேர்ச் காணியில் தனிவீடு கிடைத்திருக்கிறது. என் சித்தப்பா மகள் வீடு அப்படியொன்று. சமையலறை தனி, புகைபோக்கி உண்டு, வாசலிலேயே குழாய். பின்னால் போஞ்சிக் கொடியும் நாலு கோழியும். அவளுடைய சின்னவன் போன வருடம் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை என்று சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அவர்களுக்கு மேலே உள்ள வளைவில் பழைய லயம் அப்படியே நிற்கிறது. அதில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.

அவளோடு ஒருநாள் மலைக்குப் போனேன். முழுப் பேருக்கு, அதாவது முழுநாள் சம்பளத்துக்கு, பதினெட்டுக் கிலோ கொழுந்து. அட்டைக் கடிக்குச் சவர்க்காரம் தேய்த்திருந்தாள். பத்து மணி வெயிலில் கூடையை இறக்கி, போத்தலைத் திறந்து உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டாள்.

"குடியேன், தங்கச்சி" என்றேன்.

"குடிச்சா எங்கண்ணே ஒதுங்குறது?"

சுற்றிலும் இடுப்பளவு தேயிலை. மூன்று மலை தாண்டித்தான் மலசலகூடம். போத்தலை மூடிக் கூடைக்குள் வைத்துவிட்டு அடுத்த நிரைக்குள் இறங்கினாள்.